டப்பாக் கடையும் முதல் பந்தியும்

இன்று காலை அம்மா காபித் தட்டைத் தேடிச் சமையலறை மேல்தட்டைக் கலைத்தபோது உன் டப்பா கீழே விழுந்தது. உடையவில்லை. வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு, ஐந்து அறைகள். ஒரு பக்கத்துக் கொக்கி மட்டும் இல்லை. பொறுமை இல்லாமல் நீ பல்லால் கடித்துத் திறந்த நாளில் போனது அது. மூடியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்தும் வெயிலில் காயவைத்தும் அந்த வாடை போகவில்லை. வினிகரில் ஊறிய முள்ளங்கி. முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலி செத்திருக்குடி இதுல" என்றாய். ஒரு மாதம் கழித்து, முள்ளங்கி குறைவாக இருக்கிறது என்று கடைக்காரம்மாவிடம் சண்டை போட்டாய்.

அம்மா தட்டைத் தேடியதற்குக் காரணம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. அவர்கள் வீட்டார் எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஓசூரில் தங்கிவிட்டவர்கள். நான் பட்டுச்சேலையில் தட்டோடு வந்து, குனிந்து, எல்லோருக்கும் காபி கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். நீ இருந்த காலத்திலும் நான் எழுதியதை முழுசாகப் படித்ததில்லை. "ரெண்டு பக்கத்துக்கு மேல போனா எனக்குத் தூக்கம் வந்துரும், கதையை வாயால சொல்லு" என்பாய். இதையும் அப்படியே கேட்டுக்கொள்.

நம் கல்லூரிக்கு எதிரே, சர்வீஸ் ரோட்டில், பஞ்சர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அந்தக் கடை திறந்தபோது நாம் மூன்றாம் ஆண்டில் இருந்தோம். பலகையில் ஜப்பானிய எழுத்தும் ஆங்கிலமும் இருந்தன. அந்தப் பெயரை ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது டப்பாக் கடைதான். கம்பெனிகளில் மெஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர்கள் மதியம் வேனில் வந்து இறங்குவார்கள். சாயங்காலம் நமக்கு ஜப்பானிய மொழி வகுப்பு எடுத்தவரும் அங்கேதான் சாப்பிடுவார். நடத்தியவர் ரத்னம்மா. வீட்டில் தெலுங்கு பேசுபவர். ஏதோ ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுசில் பல வருஷம் ஜப்பான்காரர்களுக்குச் சமைத்துப் பழகி, சொந்தமாகக் கடை போட்டவர். நம் ஊர் அரிசி ஒட்டாது என்பதால் பொன்னியோடு பச்சரிசியைக் கலந்து குழைய வைப்பார்.

முதல் நாள் நாம் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆளுக்கொரு டப்பா வந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் சூப். திறந்தால் ஒரு அறையில் சோறு, ஒன்றில் தூள் தடவிப் பொரித்த கோழி, ஒன்றில் எள் போட்ட கீரை, ஒன்றில் சுருட்டிய முட்டை, மூலையில் அந்த முள்ளங்கி. நீ ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. மூடியைத் திருப்பித் தட்டாக்கினாய். ஐந்து அறையையும் அதில் கவிழ்த்தாய். சூப்பை மேலே ஊற்றி, ரசஞ்சோறு பிசைகிற மாதிரி பிசைந்தாய். எனக்கும் அதுதான் முறை என்று தோன்றியது. நானும் பிசைந்தேன்.

ரத்னம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தார்.

"அய்யய்யோ அம்மாயி! அஞ்சு ரூமு எதுக்கு வெச்சேன் நானு?"

"வயித்துல ஒரே ரூமுதானேக்கா இருக்கு?" என்றாய் நீ, வாயில் சோற்றோடு.

ரத்னம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து மேசையில் கண்ணாடி போட்ட ஜப்பான்காரர் ஒருவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன் சூப்பில் ஒரு கரண்டி எடுத்துச் சோற்றின் ஓரத்தில் ஊற்றிக்கொண்டார். நீ மேசைக்கடியில் என் காலை மிதித்தாய்.

அந்தக் கடையில் எனக்குச் சங்கடமாக இருந்தது ஒன்றே ஒன்று. திரை இல்லை. ஓசூரில் நாம் எந்த ஓட்டலில் நுழைந்தாலும் சர்வர் நம் முகத்தைக் கூடப் பார்க்காமல் "ஃபேமிலி உள்ள" என்று கை காட்டுவார். தடுப்புப் பலகை, பூப்போட்ட பச்சைத் திரை, ஒரு மீன்தொட்டி. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தத் திரை பிடிக்கும். சாப்பிடும்போது யாரும் என்னைப் பார்க்கக்கூடாது. டப்பாக் கடையிலோ முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ரோட்டில் போகிற லாரிக்காரர் வரை நம் வாயைப் பார்க்கலாம். நீ எப்போதும் கண்ணாடியை ஒட்டிய மேசைக்குத்தான் போவாய். நான் நூலகப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன்.

"அதுவும் ஒரு திரைதாண்டி" என்பாய். "பூ போட்ட திரை, எழுத்து போட்ட திரை. அவ்ளோதான் வித்தியாசம்."

தினமும் ஏன் இந்தக் கடை, ஹாஸ்டல் மெஸ் இருக்கும்போது, என்று ஒரு நாள் கேட்டேன். ருசிக்காக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். முட்டையில் சர்க்கரை போட்டதை நீ கடைசி வரை மன்னிக்கவில்லை. அன்று நீ உன் வீட்டைப் பற்றிச் சொன்னாய்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டோரம் போகிற வழியில் உங்கள் கேழ்வரகுக் கொல்லை. உன் அப்பா நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பெரியப்பா குடும்பமும் நீங்களும் ஒரே வீடு. கதிர் முற்றும் காலத்தில் யானை இறங்கும். பொழுது சாய்ந்ததும் ஆண்கள் பரண் மேல் காவலுக்குப் போக வேண்டும். அதனால் அவர்களுக்கு முதலில் களியும் குழம்பும். பிறகு பிள்ளைகள். பிறகு பெரியம்மா, அம்மா, நீ. வயசுக்கு வந்த நாளிலிருந்து நீ பிள்ளைகள் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு வந்துவிட்டாய்.

"காவலுக்குப் போறவங்க முதல்ல துன்னட்டும், சரி. அதை யாரு வேணாங்கறாங்க?" என்றாய். "ஆனா அறுப்பு முடிஞ்சு கொல்லை மொட்டையா கெடக்கும் பாரு, அப்பவும் அவங்கதான் முதல்ல. யானை வராத மாசத்துல என்னாத்துக்குடி முதல் பந்தி?"

எங்கள் வீட்டில் யானை கிடையாது. ஷிப்டு இருந்தது. அப்பா ஷிப்டுக்குப் போக வேண்டும் என்று முதலில் சாப்பிடுவார். லீவு நாளிலும் முதலில் சாப்பிடுவார்.

பிறகு உன் டப்பாவின் மூடியைத் தட்டிக் காட்டினாய். "எனக்கு இதுல என்னா புடிக்குதுன்னா, இது மூடி போட்டு வருது. யாரும் தொடலை. யாரும் துன்னு மீந்தது கெடையாது. கோழி ரெண்டு துண்டுன்னா எனக்கும் ரெண்டு, அந்தக் கண்ணாடிக்காரனுக்கும் ரெண்டு. எங்கம்மா கோழிக்கறி ஆக்குவாங்க பாரு, ஊரே மணக்கும். எங்கம்மா கறி துன்னு நான் பாத்ததே இல்ல. சட்டியில சோத்தைப் போட்டுத் தொடைச்சுத் துன்னுவாங்க."

ஜப்பானிய வகுப்பில் சாப்பிடும் முன் சொல்லும் ஒரு சொல்லை நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? கை கூப்பி, 'இத்தாதகிமாஸ்'. பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள் சொன்னார் வாத்தியார். அடுத்த நாள் கடையில் நீ அதை உரக்கச் சொல்ல, ஜப்பான்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டாய்: "நம்ம பொம்பளைங்க துன்றதுக்கு முன்னாடி என்னா சொல்வாங்க, சொல்லு பாக்கலாம்?"

நீயே விடையும் கொடுத்தாய்.

"'எல்லாரும் சாப்ட்டாச்சா?'"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் எத்தனையோ புத்தகம் படித்தவள். அந்த ஒரு கேள்வியை என் அம்மா தினமும் கேட்டுக் கேட்டு, அது என் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது.

கடைசி ஆண்டில் உன் பெரியப்பா மாப்பிள்ளை பார்த்தார். ராயக்கோட்டைப் பக்கம் நிலம் உள்ள குடும்பம், பையன் ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பெண் பார்க்க ஊருக்கு வரச் சொன்னார். பரீட்சை இருக்கிறது, வரமுடியாது என்றாய். அவர் விடவில்லை. அப்போதுதான் நீ இப்படிச் சொன்னாய்: "பாக்கணும்னா மதியானம் டப்பாக் கடைக்கு வரச் சொல்லுங்க பெரியப்பா. பெரிய எடம். ஜப்பான்காரங்கல்லாம் வர்ற எடம்." அந்தக் கடைசி வார்த்தையில் அவர் மயங்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லி அழைத்தே வந்துவிட்டார்.

மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா. நீ ஏற்கெனவே கண்ணாடி மேசையில் உட்கார்ந்திருந்தாய், சாதாரண சுடிதாரில். நான் அடுத்த மேசையில், புத்தகத்துக்குப் பின்னால். ரத்னம்மா நாலு டப்பாவைக் கொண்டுவந்து நாலு பேர் முன்னாலும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டுப் போனார். அங்கே அதுதான் வழக்கம். யாரும் யாருக்கும் பரிமாறுவதில்லை.

"பாப்பா, எந்திரிச்சு மாப்ளைக்கு எடுத்து வையி" என்றார் பெரியப்பா.

"அவருக்கு முன்னாலதான் இருக்குதுங்க பெரியப்பா. மூடியைத் தொறந்தாப் போதும்."

மாப்பிள்ளையின் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். "கொழம்பு எங்கம்மா?" என்றார். பாவம், அவர் கேட்டது நியாயம்தான். பிறகு தன் கோழித்துண்டு இரண்டையும் எடுத்து மகன் டப்பாவில் வைத்தார். மகன் அதைக் கவனிக்கவே இல்லை. தின்றுகொண்டிருந்தார். நீ கவனித்தாய். உன் முகம் மாறியதை நான் புத்தகத்தின் மேல் விளிம்பு வழியாகப் பார்த்தேன்.

"எங்க வூட்ல பழக்கம் வேறம்மா" என்றார் அந்த அம்மா, இதமாகத்தான். "ஆம்பளைங்க சாப்ட்டு எந்திரிச்சப்பறந்தான் நாம. உனுக்கும் அப்பிடித்தானே?"

"இல்லீங்க" என்றாய். "எனக்குப் பசிச்சா நான் துன்னுருவேன். உங்களுக்கும் எடுத்து வைப்பேன். முதல்லயே வைப்பேன்."

"என்னைப் பத்திச் சொல்லவே இல்லையே?" என்றார் மாப்பிள்ளை, சிரிக்கலாமா என்று தெரியாத சிரிப்போடு.

"உங்களுக்குத்தான் உங்கம்மா வெச்சிட்டாங்களே."

தாயும் மகனும் எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வாசலில் நின்று உன்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வழியனுப்பிவிட்டு வந்த பெரியப்பாவின் முகம் கறுத்திருந்தது. "எந்திரி. படிச்சதெல்லாம் போதும். இப்பவே ஊருக்குப் போலாம்."

பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. மொழி வகுப்பிலிருந்து ஒரு கம்பெனி ஆளெடுக்க வருவதாகப் பேச்சு. அன்று நீ எழுந்து அவரோடு போயிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

நீ எழவில்லை. "சாப்ட்டுக்கிட்டு இருக்கேன் பெரியப்பா" என்றாய்.

அவர் நின்றார். நீ தின்றாய். கீரையைத் தின்றாய், கோழியை எலும்போடு கடித்தாய், உனக்குப் பிடிக்காத இனிப்பு முட்டையைக் கூட விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நம் வகுப்புப் பையன்கள், ஜெராக்ஸ் கடைக்காரர், பஞ்சர் ஒட்ட நின்றிருந்த இரண்டு பேர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஜப்பான்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். கையைப் பிடித்து இழுக்கத் திரை வேண்டும். அங்கே திரை இல்லை. நீ ஏன் எப்போதும் அந்த மேசையில் உட்காருகிறாய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் புத்தகத்தை மூடினேன். என் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து உன் எதிரே உட்கார்ந்தேன். நீ நிமிர்ந்து பார்க்காமல், "உன் முள்ளங்கியத் துன்னியா?" என்று கேட்டாய்.

கடைசிப் பருக்கை வரை தின்று, கை கழுவி, "லேபு இருக்குதுங்க பெரியப்பா, வரேன்" என்று ரோட்டைக் கடந்து கல்லூரிக்குள் போய்விட்டாய். அவர் பஸ் ஏறி ஊருக்குப் போய், உன் அம்மாவிடம் உன்னைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். உன் அம்மா சொன்ன பதிலை நீ பிறகு எத்தனை முறை நடித்துக் காட்டியிருப்பாய்! தலை குனிந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே: "அவ வரமாட்டா. நானுங் கூப்புட மாட்டேன்."

வேலை கிடைத்தது. டிராயிங் செக்‌ஷனில் உட்கார்ந்து ஜப்பானியக் குறிப்புகளைப் படித்துச் சொல்கிற வேலை. கடைக்கு வந்து ரத்னம்மாவிடம் இந்த டப்பாவைக் கேட்டு வாங்கினாய். கம்பெனி கேண்டீனில் அதைத் திறந்து முதல் ஆளாகச் சாப்பிடுவாய் என்று உன்னோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அந்த வேலையில் ஒரு வருஷம் கூட முழுசாக இல்லை. மழைக்காலத்துக் காய்ச்சல் என்றுதான் படுத்தாய். ஆஸ்பத்திரியில் நான் உன்னைப் பார்த்தபோது மூக்கில் குழாய் இருந்தது. பேச முடியவில்லை. அதைப் பற்றி எழுத மாட்டேன். அந்தக் கட்டிலுக்கு உன்னில் அதற்குமேல் பங்கு கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

உன் காரியத்துக்கு நான் ஊருக்கு வந்தேன், தெரியுமா? கல்யாணமாகாத பெண்ணுக்கு எதற்குப் பெரிய காரியம் என்றாராம் பெரியப்பா. உன் அம்மாதான் செய்தே ஆக வேண்டும் என்றாராம். வாசலில் பந்தல் போட்டு இலை விரித்தார்கள். நான் கை கழுவிக்கொண்டு வந்தபோது உன் பெரியப்பா பெண்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பொம்பளைங்க கொஞ்சம் பொறுங்க. ஆம்பளைங்க துன்னுட்டுக் காவலுக்குப் போகணும்."

உச்சி வெயில். கோழிகள் கூட நிழலில் ஒதுங்கியிருந்தன. எந்த யானை வரும் இப்போது? நீ இருந்தால் கேட்டிருப்பாய். உன் குரலுக்காக ஒரு கணம் காத்திருந்தேன். பிறகு போய், வரிசையில் காலியாக இருந்த ஓர் இலையின் முன் உட்கார்ந்தேன்.

நான், நாலு பேர் பார்த்தால் தண்ணீர் குடிக்கக் கூசுகிறவள்.

சோற்று வாளியோடு வந்தவர் என் இலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். பெரியப்பா வந்தார். "ஏம்மா, நீ அடுத்த பந்தி."

"இது அவ இலைங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "இது அவ இலை. அவ இல்லைங்கறதால நான் உக்காந்திருக்கேன். எந்திரிக்க மாட்டேன்."

வரிசையில் யாரோ ஒருவர், "டவுனுப் பொண்ணு, உடுப்பா" என்றார். பெரியப்பா விடவில்லை. என் தலைக்கு மேலேயே நின்றார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து உன் அம்மா வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, எனக்குப் பக்கத்து இலையில் இருந்தவரைப் பார்த்தார். அந்த ஆள் என்ன நினைத்தாரோ, நகர்ந்து இடம் விட்டார். உன் அம்மா உட்கார்ந்தார். வழக்கம்போல எதையோ கேட்க அவர் வாய் திறந்ததைப் பார்த்தேன். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு முறை பார்த்தார். கேட்கவில்லை.

வாளிக்காரரிடம் சொன்னார்: "சோறு வெய்யி. எனக்குப் பசிக்குது."

அவர் வைத்தார்.

நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். கிளம்பும்போது உன் அம்மா இந்த டப்பாவை என் பையில் போட்டார். "இத வெச்சுக்கிட்டு நான் என்னா பண்ணட்டும்" என்றார். அடுத்த நொடியே, "கழுவித்தான் வெச்சிருக்கேன், ஆனா வாசம் போக மாட்டேங்குது" என்றார்.

அம்மா காபித் தட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் முன்பு அவள் பக்கத்தில் போய் நின்று, தட்டு வேண்டாம் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்களை டப்பாக் கடைக்கு வரச் சொல்லி அப்பாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்றும், வராவிட்டால் நஷ்டம் எனக்கில்லை என்றும் சொன்னேன். "ஏட்டி, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? இது அவ பழக்கின பழக்கம்லா!" என்றாள். ஆமாம் என்றேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குழாயை மூடினாள். பிறகு, "எனக்கும் ஒரு டப்பா உண்டா, இல்ல நீங்க திங்கறத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டாள்.

ரத்னம்மாவுக்குப் போன் செய்து, எங்களுக்கு மூன்று, அவர்களுக்கு மூன்று, ஆறு டப்பா என்று சொல்லியிருக்கிறேன். ஆறும் ஒன்றாக வர வேண்டும், கண்ணாடியை ஒட்டிய மேசைகளைச் சேர்த்துப் போட வேண்டும் என்றும் சொன்னேன். "தெலுசம்மா, தெரியும்" என்றார். "முள்ளங்கி தூக்கலா வெக்கிறேன்."

புத்தகம் எடுத்துப் போகமாட்டேன்.